டம்ளருக்கு அடியில் ஒரு ‘எல்’

பாத்திரத்தைக் கழுவி வைக்கும்போது அடியைத் திருப்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எவர்சில்வரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்று பேர் வெட்டியிருக்கும். பீங்கானில் கம்பெனி முத்திரை இருக்கும். கண்ணாடி டம்ளரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒருநாள் அடி கனத்த டம்ளர் ஒன்றைக் கவிழ்த்தபோது, கூட்டெழுத்தில் ஓர் ஆங்கில ‘எல்’ தெரிந்தது. தேடிப் பார்த்தால் அது லிபி என்ற அமெரிக்கக் கம்பெனியின் அடையாளம். லிபி என்றால் நமக்கு எழுத்து. அங்கே அது ஒரு குடும்பப் பெயர். ஓர் எழுத்தைத் தேடிப்போய் லிபியில் முட்டிக்கொண்டேன்.

கம்பெனி வரலாறு என்றாலே யார் தொடங்கினார், யார் வாங்கினார், யார் விற்றார் என்று வறண்டு கிடக்கும்னுதான் நினைத்தேன். இது அப்படி இல்லை. கையால் ஊதிச் செய்யும் கண்ணாடிக்கு அமெரிக்காவிலேயே பேர்போன ஒரு கம்பெனி, அதன் முதலாளி. கைத்தொழிலையே ஓரங்கட்டிய இயந்திரத்துக்குப் பணம் போட்டவர் அவர்தான். இயந்திரத்தைச் செய்தவரோ பத்து வயதில் கண்ணாடி உலைக்குக் கரி அள்ளிப் போட்டவர். இந்த இரண்டு பேருக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

1818இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்கு கேம்பிரிட்ஜில் நியூ இங்கிலாந்து கிளாஸ் கம்பெனி தொடங்கியது. நொடித்துப்போன ஒரு கண்ணாடிப் பட்டறையை ஏலத்தில் எடுத்த சில பாஸ்டன் வியாபாரிகள் ஆரம்பித்தது. அவர்களில் ஒருவரான டெமிங் ஜார்வ்ஸ் பின்னால் பிரிந்துபோய், 1825இல் சாண்ட்விச் என்ற ஊரில் போட்டிக் கம்பெனி வைத்தார். அது தனிக் கதை, இங்கே வேண்டாம். நியூ இங்கிலாந்து கம்பெனியின் பெருமை ஈயக் கண்ணாடி. மணலோடு ஈய ஆக்ஸைடு சேர்த்து உருக்கினால் கண்ணாடி கனமாகவும் பளபளப்பாகவும் வரும். சாணைச் சக்கரத்தில் பட்டை தீட்டினால் வைரம் மாதிரி ஒளியைச் சிதறடிக்கும். விரலால் சுண்டினால் மணி போல ஒலிக்கும். பணக்கார வீட்டு மேஜைக்கு வேறு கண்ணாடி ஏறாத காலம் அது.

இந்தக் கம்பெனிக்கு வந்த ஆபத்து வெளியாளிடமிருந்து வரவில்லை. 1845இல் இங்கே வேலை பார்த்த ஜான் ஹாப்ஸ், ஜேம்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் மேற்கே ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள வீலிங் நகருக்குப் போய்ச் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்தார்கள். கேம்பிரிட்ஜில் வெகுகாலம் மேற்பார்வையாளராக இருந்த தாமஸ் லேட்டனின் மகன் வில்லியம் லேட்டனும் பிற்பாடு அங்கே போய்ச் சேர்ந்தார். 1864இல் அவர் ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். ஈயத்துக்குப் பதில் சமையல் சோடாவும் சுண்ணாம்பும். சோடாவும் சுண்ணாம்பும் போட்ட கண்ணாடி பழைய காலத்திலிருந்தே உண்டு, ஆனால் அது பச்சையும் பழுப்புமாக இருக்கும். லேட்டனின் கண்ணாடி தெளிவாக, பார்வைக்கு ஏறக்குறைய ஈயக் கண்ணாடி போலவே இருந்தது. ஒலிதான் இல்லை. விலையோ அதில் ஒரு பங்குதான். எடை குறைவு. சீக்கிரம் இறுகும், அதனால் வேலையும் வேகம். மேற்கத்திய தொழிற்சாலைகள் எல்லாம் இதற்கு மாறிவிட்டன. நியூ இங்கிலாந்து கம்பெனி மாறவில்லை. தரத்தைக் குறைக்க மாட்டோம் என்ற வீம்பு. கிழக்கே எரிபொருளும் விலை ஏறிக்கொண்டிருந்தது. 1870களில் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது.

1878இல் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்தவர் வில்லியம் லிபி. அங்கேயே முகவராக இருந்தவர். 1883இல் அவர் இறந்ததும் மகன் எட்வர்ட் டிரம்மண்ட் லிபியிடம் பொறுப்பு வந்தது. இருபத்தொன்பது வயது. அந்த வருடமே ஜோசப் லாக் என்ற இங்கிலாந்துக் கலைஞர் அம்பெரினா என்ற கண்ணாடிக்கு அங்கே காப்புரிமை வாங்கினார். மஞ்சள் பழுப்புக் கண்ணாடிக் கலவையில் துளி தங்கம் சேர்த்துச் செய்து, பாத்திரத்தின் ஒரு பகுதியை மட்டும் மறுபடி சூடு காட்டினால் அந்தப் பகுதி மாத்திரம் மாணிக்கச் சிவப்பாக மாறும். கீழே தேன் நிறம், மேலே சிவப்பு, நடுவில் ஒன்றில் ஒன்று கரையும். நன்றாக விற்றது. ஆனாலும் அழகு மட்டும் உலைக்கு விறகாகாது. சம்பளத் தகராறு, வேலைநிறுத்தம் என்று வந்ததும் எட்வர்ட் லிபி 1888இல் கேம்பிரிட்ஜ் உலைகளை அணைத்துவிட்டு ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகருக்குக் கம்பெனியையே பெயர்த்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தில் இயற்கை எரிவாயு புதிதாகக் கிடைத்திருந்தது, நல்ல மணலும் இருந்தது. ஊர்க்காரர்கள் தொழிற்சாலைக்கு இடமும் தொழிலாளர் வீடுகளுக்கு மனைகளும் கொடுத்துக் கூப்பிட்டார்கள். தனி ரயிலில் வந்து இறங்கிய தொழிலாளர் குடும்பங்களை வாத்தியத்தோடு வரவேற்று ஊர்வலமாக அழைத்துப் போனதாகப் படித்தேன். எழுபது வருடப் பழைய கம்பெனிக்குப் புது ஊர்.

அங்கே போனதும் கைத்தேர்ந்த ஆட்கள் போதவில்லை. பழைய ஆட்களில் சிலர் வரவில்லை, வந்த சிலரும் திரும்பிவிட்டார்கள். ஆள் பிடிக்க லிபி போன இடம் வீலிங். அப்படி வந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஓவன்ஸ்.

ஓவன்ஸ் 1859இல் பிறந்தவர். அயர்லாந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். எங்கே தெரியுமா? வீலிங்கில் அந்த ஹாப்ஸ் வைத்த தொழிற்சாலைதான், ஹாப்ஸ் பிராக்குனியர். கேம்பிரிட்ஜ் கம்பெனியை விட்டுப் போனவர்கள் ஆரம்பித்து, அதன் சந்தையைப் பறித்த இடம். பாத்திரத்தை மறுபடி சூடு காட்டும் சிற்றுலை ஒன்று உண்டு. அதற்குக் கரி அள்ளிப் போடுவது அவருடைய முதல் வேலை. பதினைந்து வயதில் ஊதுகுழல் கைக்கு வந்துவிட்டது. அந்த வயதில் முழு ஊதுதொழிலாளி ஆவது சாதாரணமில்லை. தொழிற்சங்கத்திலும் தீவிரமாக இருந்தார். சங்கத்துக்காரரை வேலைக்கு எடுக்க லிபிக்கு மனம் வந்ததே ஆச்சரியம். எடுத்தது மட்டுமில்லை, சீக்கிரமே அவரை மேற்பார்வையாளராகவும் ஆக்கிவிட்டார்.

1891இல் நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். எடிசன் கம்பெனியின் மின்விளக்குகளுக்குக் கண்ணாடிக் குமிழ் செய்துகொண்டிருந்த இடம் அது. அந்த ஆர்டரை லிபி பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊரான ஃபின்ட்லேயில் ஓர் ஆலையைக் குத்தகைக்கு எடுத்து ஓவன்ஸிடம் கொடுத்தார். தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த கம்பெனியை விளக்குக் குமிழ்தான் காப்பாற்றியது. ஊதுபவரின் காலடியில் ஒரு பையன் குந்தியிருந்து அச்சைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். அந்தப் பையனின் வேலையை ஊதுபவரே காலால் மிதித்துச் செய்யும்படி ஓவன்ஸ் ஒரு சின்ன ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது ஃபின்ட்லேயில்தான். இயந்திரம் என்று சொல்லக்கூட முடியாது. ஆனால் பிறகு வந்ததெல்லாம் இந்த மிதியடியில் தொடங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது.

நடுவில் 1893 சிகாகோ உலகக் கண்காட்சி. நிறுவனத்தின் நிலைமைக்கு மீறிய செலவில் லிபி அங்கே ஒரு முழுக் கண்ணாடிப் பட்டறையையே கட்டினார். கட்டணம் கொடுத்து உள்ளே போனால் உலை, ஊதுதல், பட்டை தீட்டுதல் எல்லாம் கண்முன்னே நடக்கும். கூட்டத்தைக் குறைக்கக் கட்டணத்தை ஏற்றினார்கள், ஆனால் அந்தப் பணத்துக்கு ஈடாக ஒரு நினைவுப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடியை நூலாக நூற்றுப் பட்டோடு நெய்த துணியையும் அங்கே காட்டினார்கள். ஜார்ஜியா கேவன் என்ற நாடக நடிகை அதைப் பார்த்து மயங்கி, தனக்கு ஓர் உடுப்பு வேண்டும் என்று கேட்டார். விலை 2,500 டாலர். ஸ்பெயின் இளவரசி யூலாலியாவும் அதைப் பார்த்து வியக்க, அவருக்கும் ஒன்று செய்து கொடுத்தார்கள். கண்ணாடி நூல் மடங்காது, முறியும். போட்டுக்கொண்டு நிற்கலாம், நிம்மதியாக உட்கார முடியாது. இளவரசியின் உடுப்பு இப்போது ஜெர்மனியில் முனிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளம்பரமாக அது செய்த வேலை பெரிது. அடுத்த இருபது வருடம் அமெரிக்காவில் கல்யாணப் பரிசு என்றால் லிபியின் பட்டை தீட்டிய கண்ணாடி என்று ஆனது.

இனி உலைப் பையன்களைப் பற்றி. லிபியின் மேஜைக் கண்ணாடி ஒருபுறம் இருக்கட்டும். சாதாரண பாட்டில் செய்யும் பட்டறைகளில் நிலைமை வேறு. அங்கே வேலைக் குழு ஒன்றில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒருவர் உருகிய கண்ணாடியை இரும்புக் குழல் நுனியில் சுற்றி எடுப்பார். இரண்டு மூன்று பேர் ஊதி அச்சில் இறக்கி உருவம் கொடுப்பார்கள். மற்றவர்கள் பையன்கள். ஒருவன் அச்சைத் திறந்து மூட வேண்டும். ஒருவன் குழலில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டும். ஒருவன் பாட்டிலை இடுக்கியால் பிடித்து அதன் கழுத்தை மறுபடி சூடு காட்ட வேண்டும். கடைசிப் பையன் தகிக்கும் பாட்டில்களைத் தட்டில் வைத்து, ஆறவைக்கும் நீள அடுப்புக்கு எடுத்துப் போக வேண்டும். கண்ணாடி சட்டென்று குளிர்ந்தால் உள்ளுக்குள்ளே இறுக்கம் தங்கி வெடித்துவிடும், மெதுவாக ஆற வேண்டும். அதனால் அந்தப் பையன் நடக்க முடியாது, ஓட வேண்டும். ஒரு வேளை முழுக்க ஓட்டம்தான். உலையை அணைக்க முடியாது என்பதால் ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. ஒரு பக்கம் உலையின் அனல், மறு பக்கம் திறந்த கதவு வழியாகப் பனிக்காற்று. தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு.

1900ஐ ஒட்டி அமெரிக்கக் கண்ணாடித் தொழிலில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர். லூயிஸ் ஹைன் 1908இல் இண்டியானாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் எடுத்த படங்களைப் பார்த்தால் தெரியும். நள்ளிரவு, கரி அப்பிய முகம், தொளதொள சட்டை. பையன்களில் யாரும் சிரிக்கவில்லை.

இதை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் 1893இல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளரான ஃபிளாரன்ஸ் கெல்லி, ஆல்டன் நகரில் இருந்த இல்லினாய் கிளாஸ் கம்பெனியோடு விடாமல் மல்லுக்கு நின்றார். பிள்ளைகளை இரவு வேலையில் போட்டு வாட்டுவதில் அந்த ஆலை பேர் வாங்கியிருந்தது. 1897இல் புது ஆளுநர் வந்தார், கெல்லியை நீக்கினார். அந்த இடத்துக்கு யாரைப் போட்டார் பாருங்க: அதே ஆல்டன் ஆலையில் வெகுகாலம் வேலை பார்த்த ஒருவரை! சட்டம் வரும், ஆய்வாளர் வருவார், ஆளுநர் மாறுவார், ஆலை அப்படியே ஓடும். இந்தப் பின்னணியில்தான் ஓவன்ஸின் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும்.

பாட்டில் ஊதும் இயந்திரம் வேண்டும் என்ற எண்ணம் புதிதில்லை. இங்கிலாந்தில் 1880களிலேயே ஒன்று செய்தார்கள். ஆனால் அதற்கும் யாராவது உலையிலிருந்து கண்ணாடியை எடுத்து ஊட்டிவிட வேண்டும். ஊதுவது இல்லை பிரச்சினை, எடுப்பதுதான். உருகிய கண்ணாடி தேன்பாகு போல. சரியான அளவு, சரியான சூடு, குழலில் உருட்டி எடுக்கும் கை லாவகம் ஒரு மனிதனுக்கு வரவே வருடக்கணக்காகும். அந்தக் கையை இரும்பில் எப்படிச் செய்வது?

ஓவன்ஸ் கையைச் செய்யவே இல்லை. உறிஞ்சினார். 1899 வாக்கில் அவர் செய்து பார்த்த முதல் கருவி சைக்கிள் பம்பு மாதிரி ஒன்று. அதன் வாயை உருகிய கண்ணாடியின் மேல்மட்டத்தில் வைத்துத் தண்டை இழுத்தால், காற்று வெளியேறிய அச்சுக்குள் கண்ணாடி தானே ஏறிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கட்டியை வேறு அச்சுக்கு மாற்றித் தண்டை அழுத்தினால் அதே பம்பு ஊதிவிடும். இழுத்தால் எடுப்பவர், அழுத்தினால் ஊதுபவர். இவ்வளவுதான் யோசனை. ஓவன்ஸுக்குப் பொறியியல் படிப்பு கிடையாது, வரைபடம் போடவும் வராது. வாயால் சொல்வார், எமில் பாக் என்ற பொறியாளர் அதை இரும்பாக்குவார். பணம் லிபியும் அவருடைய டொலீடோ நண்பர்களும் போட்டது. 1903இல் முழுத் தானியங்கி இயந்திரம் ஓடியது. அந்த ஆண்டே ஓவன்ஸ் பாட்டில் மெஷின் கம்பெனியும் தொடங்கியது.

நடுத்தண்டைச் சுற்றி ஆறு கைகள் ராட்டினம் மாதிரி சுழலும். ஒவ்வொரு கையும் உலைத் தொட்டிக்கு மேலே வரும்போது தாழ்ந்து, ஒரு வாய் கண்ணாடியை உறிஞ்சும். கத்தி ஒன்று வந்து வாலை நறுக்கும். முதல் அச்சு விலகும், பாட்டில் வடிவ அச்சு வந்து கவ்வும். அழுத்தக் காற்று ஊதும். சுற்று முடியும்போது பாட்டில் வெளியே விழும். மனிதக் கை எங்கும் படவில்லை. பழைய பாட்டில்களைச் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் அடியில் வட்டமாக, இறகு விளிம்பு போல ஒரு தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கத்தி நறுக்கிய இடம் அது. தழும்பு இருந்தால் ஓவன்ஸ் இயந்திரத்துப் பாட்டில்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம் வேறு. கையால் செய்யும்போது பாட்டிலின் உடலை முதலில் ஊதுவார்கள், கழுத்தின் விளிம்பைக் கடைசியாகத்தான் சுற்றி முடிப்பார்கள். அதனால் அந்த விளிம்புக்குத் தொழிலில் ஃபினிஷ் என்று பேர், முடிப்பு. ஓவன்ஸின் இயந்திரத்தில் எல்லாம் தலைகீழ். கண்ணாடி உள்ளே ஏறும்போதே முதலில் உருவாவது கழுத்து விளிம்புதான். ஆனாலும் பெயர் மாறவில்லை. இன்றும் உலகத்து பாட்டில் ஆலைகள் எல்லாம் முதலில் செய்வதற்கு முடிப்பு என்றுதான் பேர். அந்த விளிம்பு ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே அளவாக வந்ததால்தான் சோடா மூடியை இயந்திரத்தால் வேகமாக அழுத்த முடிந்தது. கையால் சுற்றிய விளிம்பு ஒன்று தடிக்கும், ஒன்று மெலியும்.

விலை விஷயம் இப்படி. ஒரு குரோஸ், அதாவது 144 பாட்டில் ஊதக் கூலி ஏறத்தாழ 1.80 டாலர் ஆனது. இயந்திரத்தில் அது பத்துப் பன்னிரண்டு சென்டுக்கு வந்துவிட்டது என்று அந்தக் காலக் கணக்கு. இப்படி ஒரு சரிவைக் கேள்விப்பட்டால் யார்தான் பதறமாட்டார்கள்? 1907இல் ஐரோப்பிய பாட்டில் முதலாளிகள் கூட்டாகச் சேர்ந்து 1 கோடியே 20 லட்சம் மார்க் கொடுத்து ஐரோப்பாவுக்கான உரிமையை வாங்கினார்கள். இயந்திரத்தை ஓட்டுவதற்கு மட்டும் இல்லை, அது மளமளவென்று பரவி எல்லோரையும் கவிழ்த்துவிடாமல் கைக்குள் வைத்துக்கொள்ளவும்தான். அமெரிக்காவில் ஓவன்ஸ் கம்பெனி இயந்திரத்தை யாருக்கும் சும்மா விற்கவில்லை. பால் பாட்டில் உரிமை ஒருவருக்கு, ஊறுகாய், பழப்பாகு ஜாடி உரிமை இன்னொருவருக்கு என்று வகைவகையாகப் பிரித்துக் கொடுத்து உரிமைத் தொகை வாங்கியது. உரிமை கிடைக்காத சின்னப் பட்டறைகள் நசிந்தன.

ஊதுதொழிலாளர்கள் என்ன ஆனார்கள்? அன்றைய அமெரிக்கத் தொழிலாளர்களில் நல்ல சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் தொழில். சங்கம் வலுவானது. அந்தச் சங்கமே இயந்திரத்தோடு போட்டி போடுவதற்காகக் கூலிக் குறைப்புக்கு ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. அப்படியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இருபது வருடத்துக்குள் பாட்டில் ஊதுவது என்ற தொழில் அமெரிக்காவில் ஏறக்குறைய முடிந்துபோனது. முடித்தவர் அவர்களில் ஒருவர், ஊதுகுழல் பிடித்தவர், சங்கத்தில் இருந்தவர். இதை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பையன்கள் விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுவதில்லை. குழந்தைத் தொழிலை ஒழிக்கப் பாடுபட்ட தேசியக் குழுவே 1913இல், சட்டத்தால் தாங்கள் சாதித்ததைவிட இந்த இயந்திரம் அதிகம் சாதித்தது என்ற பொருளில் பாராட்டியதாம். டொலீடோக்காரர்களுக்கு இது பெருமை. பத்து வயதில் கரி அள்ளியவர், தன்னைப் போன்ற பிள்ளைகளை விடுவித்தார் என்று கதையை முடித்துவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு முழுசா ஒப்பவில்லை. முதல் காரணம், ஓவன்ஸே அப்படி நினைக்கவில்லை. பிற்காலத்தில் தன் இளமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த வேலையைப் பெருமையாகத்தான் பேசினார், சிறு வயது உழைப்பு தன்னைக் கெடுக்கவில்லை, ஆளாக்கியது என்பது அவர் கட்சி. பிள்ளைகளை மீட்பதற்காக அவர் இயந்திரம் செய்யவில்லை. கூலியைக் குறைக்கச் செய்தார். கூலியோடு பையனும் போனான். இரண்டாவது காரணம், சட்டம் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமாக இரவு வேலைக்குத் தடை, வயது வரம்பு என்று வந்துகொண்டே இருந்தன. பையன்கள் மலிவாகக் கிடைக்கும் வரை பழைய முறை ஓடும், பையன்கள் கிடைப்பது கடினமானால் முதலாளி இயந்திரத்தைத் தேடுவான். கெல்லி மாதிரி ஆட்கள் ஒரு பக்கம் நெருக்காமல் இருந்திருந்தால், இயந்திரம் இத்தனை வேகத்தில் பரவியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதேசமயம், கெல்லியை நீக்கியதுபோல இயந்திரத்தை ஓர் ஆளுநரால் நீக்க முடியாது என்பதும் உண்மை. நாடு முழுவதுக்குமான சட்டம் 1916இல் வந்து, 1918இல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டு, கடைசியில் 1938இல்தான் நிலைத்தது. அதற்குள் பாட்டில் பட்டறைகளில் தட்டு ஏந்தி ஓட வேண்டிய வேலையே இல்லாமல் போயிருந்தது. (1916 சட்டத்துக்குக் கீட்டிங்-ஓவன் சட்டம் என்று பேர். அந்த ஓவன் ஒரு செனட்டர், நம் ஆளுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் கொஞ்ச நேரம் குழம்பினேன்.)

ஓவன்ஸ் 1923 டிசம்பரில் டொலீடோவில் ஒரு நிர்வாகக் கூட்டத்தின் நடுவிலேயே சரிந்து இறந்தார். நாற்பத்தைந்து காப்புரிமைகள் அவர் பெயரில். லிபி 1925இல் போனார். இயந்திரத்தில் சம்பாதித்த பணத்தில் பெரும்பங்கை அவரும் மனைவி ஃபிளாரன்ஸும் டொலீடோ கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். 1901இல் அவர் முன்னின்று தொடங்கியது அது. இன்றைக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

அதன்பிறகு பெயர்கள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்கின்றன, வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1929இல் ஓவன்ஸ் பாட்டில் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு இணைந்து ஓவன்ஸ்-இல்லினாய் ஆனது. அந்த இன்னொரு கம்பெனி வேறு எதுவுமில்லை, கெல்லி மல்லுக்கு நின்ற ஆல்டன் ஆலைதான். மேஜைக் கண்ணாடி செய்த லிபி கம்பெனி பொருளாதார மந்தத்தின் நடுவே விலையுயர்ந்த கைவேலைக் கண்ணாடியை இறக்கிச் சூடுபட்டது. 1935இல் ஓவன்ஸ்-இல்லினாய் அதை வாங்கிவிட்டது. தாய்க் கம்பெனியைப் பிள்ளை வாங்கிய கதை. 1938இல் ஓவன்ஸ்-இல்லினாயும் கார்னிங்கும் கூட்டாகக் கண்ணாடி இழைக்கென்று தனிக் கம்பெனி தொடங்கின. இளவரசியின் உடுப்பில் முறிந்த நூல், நாற்பத்தைந்து வருடம் கழித்துச் சுவருக்குள் வெப்பத்தடுப்பாகப் பயன்பட்டது. லிபி கண்ணாடி முழுக்க இயந்திரத்துக்கு மாறி, ஹோட்டல்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் டம்ளர் செய்தது. 1993இல் மறுபடி தனிக் கம்பெனி ஆனது. மெக்சிகோ, நெதர்லாந்து, போர்ச்சுகல், சீனா என்று பரவியது. 2020இல் கொரோனாவால் உணவகங்கள் மூடியதும் வாங்க ஆளில்லாமல் அந்த ஜூன் மாதம் திவால் பாதுகாப்பு கேட்டது. லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் ஆலையை மூடினார்கள். டொலீடோ ஆலை தப்பியது.

விட்டுப்போன ஒன்று உண்டு. 1962 மார்ச்சில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைஞர், கண்ணாடியை ஆலைக்கு வெளியே, ஒரு தனி ஆள் தன் பட்டறையில் ஊத முடியுமா என்று சோதிக்க ஒரு பயிலரங்கம் வைத்தார். இடம் டொலீடோ அருங்காட்சியகத்து வளாகத்தில் ஒரு கார் கொட்டகை. முதலில் காய்ச்சிய கலவை சரியாக வரவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடி ஆராய்ச்சியாளர், கண்ணாடி இழை செய்ய வைத்திருக்கும் கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்து உருக்கச் சொன்னார். உருகியது. ஆனால் வந்திருந்தவர்களில் யாருக்கும் ஒழுங்காக ஊதத் தெரியவில்லை. குழலில் எடுத்தால் வழிந்தது, ஊதினால் கோணியது. அப்போது ஊரிலேயே இருந்த ஒரு பெரியவர் வந்தார். பெயர் ஹார்வி லீஃப்கிரீன், லிபி ஆலையில் ஊதுதொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். குழலை வாங்கினார், தொட்டியிலிருந்து கொஞ்சம் சுற்றி எடுத்தார், எப்படி ஊத வேண்டும் என்று காட்டினார்.